அப்புக்காத்தரின் கரவன்

சிசிலியைச் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குக் கொதி ஏறும். பார்த்தேன். காருக்குப் பின்னால் கரவன் என்ற சில்லு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு, புருசனும் பிள்ளையும் நானுமாகக் கடற்கரை ஊர்கள் வழியே போய், பிறகு ஈ காகம்கூட இல்லாத உள்நாட்டுக்குள் இறங்கி, ஏழு நாள் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோத் தமிழ்ச் சனத்தில் யார் அப்படிப் போனது? எங்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மொந்தெல்லோக் கடற்கரைக்கு பஸ்ஸில் போய் வருவதுதான். "நீங்கள் குடுத்துவைச்சனியள்" என்று அக்கம்பக்கத்துச் சனம் சொன்னது. குடுத்துவைத்த இலட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மனுசன் அப்போது ஒரு வயதான அப்புக்காத்தரிடம், அதுதான் வழக்கறிஞரிடம், வேலை செய்தார். கார் ஓட்டுவது, சாமான் வாங்குவது, காலையில் அவரைக் குளிக்க வார்த்து உடுப்புப் போட்டுவிடுவது எல்லாம் இவர்தான். அந்த வேலைக் கடுதாசியில்தான் இவருடைய பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்க அனுமதிக்கும் பத்திரம், ஓடியது. இவருடைய பெர்மெஸ்ஸோவைப் பிடித்துக்கொண்டுதான் நானும் ஒன்பது வயது மகளும் அந்த நாட்டில் நின்றோம். நான் மூன்று வீடுகளில் மணித்தியாலக் கணக்கில் வேலை செய்தேன். அந்த வீட்டு எசமானிகளான மூன்று சிஞ்ஞோராமாரில் ஒருத்தியும் என்னைக் கடுதாசியில் பதியவில்லை. கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கோடையில் அப்புக்காத்தர் பலெர்மோ வீட்டை மூடிவிட்டு ரோமில் இருக்கும் மகளிடம் போவதென்று முடிவெடுத்தார். போகிறவர் இவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "உள்நாட்டில், கல்தனிசெத்தாவுக்கு அப்பால் எனக்குக் காணி இருக்கிறது. காவலுக்குக் குடும்பமாக ஆள் வேண்டும். இருக்க வீடு உண்டு. நீ பெண்சாதி பிள்ளையோடு அங்கே போனால் உன் வேலைக் கடுதாசியை நான் தொடர்ந்து வைத்திருப்பேன்." நவம்பரில் பெர்மெஸ்ஸோ முடிகிறது. என் மனுசன் அன்றைக்கு வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டும். சுவாமி நேரில் வந்து வரம் கொடுத்த மாதிரி.

நான் தலைகீழாக நின்றாலும் மாட்டேன் என்றேன். அதற்குக் காரணம் இருந்தது. பலெர்மோவுக்கு வந்த முதல் மூன்று வருசமும், பிள்ளை ஊரில் அம்மம்மாவோடு இருக்க, இவர் வேறிடத்தில் தங்க, நான் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டோடு தங்கி வேலை செய்தவள். குசினிக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில், ஒரு மடக்குக் கட்டில். கதவில்லை, சீலைதான் தொங்கியது. காய்ச்சலென்று படுத்தாலும் அந்தச் சீலையை விலக்கிக்கொண்டு வந்து "கோப்பி எங்கே" என்பாள். அழுவதென்றாலும் கக்கூசுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழவேண்டும். பிறகு பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒன்றரை அறை எடுத்தோம். பல்லரோச் சந்தையின் மீன் மணம் இரண்டாம் மாடிவரை ஏறிவரும். மழைக்குச் சுவர் ஊறும். ஆனால் கதவு என்னுடையது, திறப்பு என் கையில். வேலை அவர்கள் வீட்டில், படுக்கை என் வீட்டில் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். திரும்பவும் ஒரு எசமானின் காணிக்குள் போய்ப் படுப்பதா?

"அது வேறை, இது வேறை. இது தனி வீடு. ஆர் வந்து சீலையை விலக்கப்போறான்?" என்றார் இவர்.

"அவன்ரை காணிக்குள்ளை இருக்கிற வீடு எப்பிடித் தனி வீடு? விசர்க்கதை கதையாதையுங்கோ."

"நவம்பருக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு நீர் சொல்லும் பாப்பம்."

 எனக்கு இன்னும் கோபம் வந்தது. பாத்திரங்களை அடித்துக் கழுவினேன்.

பத்து நாள் இழுபறிப்பட்டு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். "சும்மா போய்ப் பாப்பம். உமக்குப் பிடிக்காட்டி அதோடை விடுவம். நான் வேறை வேலை தேடுறன்" என்றார். பார்ப்பது மட்டும்தானே என்று நானும் ஓம்பட்டேன். அப்போதுதான் அந்தக் கண்டறியாத கரவன் வந்து சேர்ந்தது. அப்புக்காத்தர் வீட்டின் கீழே கார் விடும் இடத்தில் பத்து வருசமாகக் கிடந்த சாமான். உள்ளே எலிப்புழுக்கை, பூச்சி உருண்டை மணம், ஊத்தை மஞ்சளில் திரைச்சீலை. "இதை என் காரில் கட்டி, குடும்பத்தோடு கடற்கரையெல்லாம் ஒரு கிழமை சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் காணியில் கொண்டுபோய் விடு" என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். வீட்டை மூடுகிறவருக்கு அந்தக் கரவனை எப்படியும் காணிக்குக் கொண்டுபோக ஆள் தேவை. ஆளுக்குக் கூலி கொடுக்காமல், அதையே எங்களுக்கு விடுமுறையாகத் தந்தார். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பேன். இரண்டு நாள் இடுப்பு முறியக் கழுவித் துடைத்தது நான்.

ஓகஸ்ட் தொடக்கத்திலேயே வெளிக்கிடலாம் என்று நான் சொன்னேன், சிஞ்ஞோராமார் எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். இவர் மாட்டேன் என்றார். "பெருநாள் முடியட்டும், றோட்டிலை சனம் குறைஞ்ச பிறகு போவம்" என்றார். பதினைந்தாம் திகதிப் பெருநாளுக்கு இத்தாலிச் சனம் முழுக்க றோட்டில்தான் நிற்கும். நியாயம்தானே என்று விட்டேன். இவ்வளவு நியாயமாக இந்த மனுசன் யோசிக்கமாட்டாரே என்று அப்போதே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

வெளிக்கிட்டோம். கஸ்தெல்லம்மாரேயில் இறங்கி, மகள் கடலில் பாய்ந்து விளையாடினாள். திராப்பனியில் உப்பளங்கள், வெள்ளைக் குவியல்கள்மேல் ஓடு அடுக்கியிருந்தார்கள். எனக்கு ஆனையிறவு உப்பளம் ஞாபகம் வந்தது. வந்தவுடன் ஞாபகத்தைத் துரத்தினேன், பார்க்க வந்த காரியம் வேறு. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும், அந்த முதல் இரண்டு நாளும் நான் கொஞ்சம் சிரித்தேன். காரில் யன்னலைத் திறந்துவிட்டு மகள் தன் பள்ளிக்கூடப் பாட்டுகளைப் பலெர்மோச் சந்தைக்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடினாள். இவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

மூன்றாம் நாள் கரவன்கள் நிறுத்தும் ஒரு கடற்கரை வளவில் தங்கினோம். நாலு பக்கமும் இத்தாலிக் குடும்பங்கள், மேசை கதிரை வெளியே போட்டுச் சாப்பிடுகிறார்கள். நானும் எங்கள் கரவன் வாசலில் கதிரை போட்டு இருந்தேன். பக்கத்துக் கரவன்காரி நல்ல சிரிப்போடு வந்தாள். "உன் எசமானி எப்போது வருவாள்?" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "அவள் வரும்வரை உனக்கு நேரம் இருக்கும்தானே, எங்கள் கரவனையும் ஒருக்கால் கூட்டிக் கழுவித் தருவாயா?" என்றாள். நான் கதிரையில் இருந்தபடியே, "நான்தான் எசமானி" என்றேன். அவள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். எழும்பி உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். கதவின் பிடி கையோடு வந்துவிட்டது.

பிடியைப் பூட்ட ஆணி தேடித்தான் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தேன். அங்கே ஒரு சாக்குப்பை, வாய் கட்டியபடி. அவிழ்த்துப் பார்த்தால், விலைச்சீட்டுக் கழட்டாத புது அலுமினியச் சட்டி. சட்டிக்குள் துவாயில் சுற்றிய பிள்ளையார் படம், கற்பூரம், குங்குமம், இரண்டு பெட்டி பால். அடியில் பஞ்சாங்கத்தில் கிழித்த ஒரு ஒற்றைத் தாள். ஆவணி மாதம், ஒரு நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம். பக்கத்தில் இலங்கை நேரத்தில் மூன்றரை மணித்தியாலம் கழித்து, இத்தாலி நேரம் பத்துப் பத்திலிருந்து பதினொன்று நாற்பது என்று இவருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக வெளித்தது. சும்மா பார்க்கப் போகிறவனுக்குப் பால் காய்ச்சப் புதுச்சட்டி எதற்கு? றோட்டில் சனம் குறையட்டும் என்றது என்ன? ஆடி மாதத்தில் புதுவீடு புகக்கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று இந்த மனுசன் காத்திருந்திருக்கிறார். பார்க்கப் போகவில்லை. குடிபுகப் போகிறோம். என்னை ஒரு கிழமை கடல் காட்டிப் பேய்க்காட்டி, கடைசி நாள் சட்டியைக் கையில் தந்து "மூட்டும்" என்று சொல்லப்போகிறார்.

பகல் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். இவர் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்தார். சட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"இதென்ன?"

பார்த்தார். போத்தல்களை மெல்லக் கீழே வைத்தார். "சட்டி" என்றார்.

"சட்டி எண்டு எனக்குத் தெரியும். நான் குருடியே? ஆரைக் கேட்டு நாள் வைச்சனீங்கள்?"

"கத்தாதையும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்னை இஞ்சை வேலைக்காரி எண்டுதானே பாக்குதுகள், வேலைக்காரி கத்துறதையும் பாக்கட்டும். நீங்கள் அப்புக்காத்தனுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டுத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். "போன மாசமே சொல்லிப்போட்டன்" என்றார்.

அன்றைக்கு என் வாயில் என்னென்ன வந்தது என்று எழுதமாட்டேன். சுத்துமாத்துக்காரன் என்றேன், எசமானின் நாய் என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கதவுப் பிடியை எடுத்துப் பூட்டத் தொடங்கினார். மகள் கடலிலிருந்து ஈரத்தோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு போனாள்.

மர்சாலா, மத்ஸாரா, ஷாக்கா. மூன்று ஊரும் அழகான ஊர்களாம். நான் காரில் பின்சீற்றில் மகளோடு இருந்து இவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மத்ஸாராவில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி "பொரிச்ச மீன் வாங்கவோ?" என்றார். "நாள் பாத்து வாங்குங்கோ" என்றேன். ஷாக்காவில் "பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கவோ?" என்றார். "பஞ்சாங்கத்தைக் கேளுங்கோ" என்றேன். மகள் சிரித்தாள், இவரும் கொஞ்சம் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. வீட்டைப் பார்ப்பேன், மாட்டேன் என்பேன், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அவ்வளவுதான் என் திட்டம். நவம்பர் வந்தால் நவம்பரோடு பார்ப்போம் என்று இருந்தேன்.

விடியக் காலையிலேயே ஷாக்காவைவிட்டு உள்ளுக்குத் திரும்பினோம். அரை மணித்தியாலத்தில் கடல் இருந்த தடமே இல்லை. கோதுமை வெட்டி முடித்த மொட்டை மேடுகள், எரித்த அரிதாள் கறுப்புக் கறுப்பாக. ஆற்றுக்குப் பாலம் இருந்தது, கீழே ஆறு இல்லை, வெள்ளைக் கல்லுதான். கைவிட்ட கந்தகச் சுரங்கம் ஒன்றின் புகைபோக்கி தனியே நின்றது. ஒரு மணித்தியாலம் ஓடினாலும் எதிரே வருவது ஒரு ஆட்டு மந்தையும் ஒரு உழவு இயந்திரமும்தான். கார் கொதித்து இரண்டு தரம் நின்றது. "இஞ்சை பள்ளிக்கூடம் எங்கை இருக்கு?" என்று கேட்டேன். "பஸ் வருமாம்" என்றார். அந்த றோட்டில் பஸ் வந்த தடம் எதையும் நான் காணவில்லை.

காணியை அடையும்போது காலை பத்தாகிவிட்டது. இரும்புக் கேற், உள்ளே நீளமாக மண் பாதை, பாதை முடிவில் கல்லால் கட்டிய இரண்டு மாடி வீடு. ஒருவரையும் காணவில்லை. அப்புக்காத்தர் ஒரு வளையத்தில் மூன்று திறப்பு கொடுத்திருந்தார். ஒன்று கேற்றுக்கு. அடுத்ததை இவர் வீட்டுக் கதவில் போட்டார், திறந்தது. "நேரமாச்சு, வாரும்" என்றார். நான் பின்னால் போனேன், பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல.

அங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. குசினி அவ்வளவு வடிவு. நீலப் பூப்போட்ட ஓடு பதித்த சுவர், பன்னிரண்டு பேர் இருந்து சாப்பிடக்கூடிய மேசை, குழாயைத் திறந்தால் சில்லென்று தண்ணீர். யன்னல் கதவைத் தள்ளினேன், வாதுமை மரங்கள் வரிசையாக நின்றன. மேலே நாலு அறை. நாலுக்கும் கதவு, கதவுக்குள்ளே கொளுக்கி. மகள் ஓடி ஓடி ஒவ்வொரு அறையாகத் திறந்து, "இது எனக்கு" என்று ஒரு அறையில் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். அல்பெர்கேரியாவில் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுப்பவள். கொளுக்கியைப் போட்டும் கழட்டியும் பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது.

கீழே இறங்கி வந்தேன். இவர் கரவனுக்குள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு, சின்னக் காஸ் அடுப்பைக் கொண்டுவந்து குசினியின் கிழக்கு மூலையில் நிலத்தில் வைத்துவிட்டு, சட்டியைக் கையில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டச் சொல்லிக் கேட்கவும் பயம்.

"கொண்டாங்கோ" என்றேன். "விலைச்சீட்டைக்கூடக் கழட்டேல்லை. கண்டறியாத ஆள்."

நான்தான் கழுவினேன், நான்தான் குங்குமம் வைத்தேன், நான்தான் மூட்டினேன். பிள்ளையார் படத்தைச் சுவரில் சாத்திக் கற்பூரம் கொளுத்தினோம். மூன்று பேரும் குந்தியிருந்து பார்த்தோம். பால் எழும்பி, கிழக்குப் பக்கமாகப் பொங்கி, நீல ஓட்டுச் சுவர்க்கரையில் வழிந்து ஓடியது. "நல்ல பக்கமாப் பொங்கிச்சு" என்றார் இவர். எனக்குக் கண் கலங்கியது. எசமானின் நாய் என்று சொன்னதை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாலைக் கிளாசில் வார்த்தேன்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். காணியைப் பார்க்கிற ஆள். எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்பார்களே, அந்த மாதிரி. தொப்பியோடு குசினிக்குள் வந்து, வேட்டியையும் அடுப்பையும் கற்பூரத்தையும் நிலத்தில் ஓடிய பாலையும் பார்த்தான். பிறகு கத்தத் தொடங்கினான். அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் இவருக்கும் பிடிபடவில்லை. இவர் கிளாசை நீட்டி, பலெர்மோ இத்தாலியனில் "வாருங்கள், எங்கள் வீட்டில் பால் குடியுங்கள்" என்றார். அவன் இன்னும் கத்தினான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சுப் பழகிய மகளுக்கு மட்டும் விளங்கியது. அவள் முகம் சிவந்துபோனது.

"என்ன பிள்ளை சொல்லுறார்?" என்றார் இவர்.

"அப்பா, இது எங்கட வீடு இல்லையாம். இது அப்புக்காத்தர் வந்தால் நிக்கிற வீடாம். நாங்கள் இதைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்க வேணுமாம். எங்களுக்கு அங்கையாம்."

அவன் கையைக் காட்டிய பக்கம் யன்னலால் பார்த்தோம். ஆட்டுப் பட்டியை ஒட்டி ஒரு தகரக் கூரை. மூன்றாவது திறப்பு அதற்குத்தான்.

ஒரு எசமானின் குசினியில் நாங்கள் குடிபுகுந்திருக்கிறோம். நாள் பார்த்து, நேரம் பார்த்து, வேட்டி கட்டி. இப்படி ஒரு கூத்து வேறு யாருக்கு நடக்கும்? அவன் இன்னும் ஏதோ சொன்னான். அதை மகள் சொல்லவே இல்லை, ஆனால் நிலத்தைக் காட்டிய விரல் எனக்கு நல்லாக விளங்கியது. துடை என்கிறான். நான் துணி தேடித் திரும்புவதற்குள், என் மனுசன் தோளிலிருந்த சால்வையை எடுத்து, முழங்காலில் இருந்து, பாலைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். ஓட்டின் இடுக்கெல்லாம் விரலை விட்டுத் துடைத்தார். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் மகளைத் தோளில் பிடித்து வெளியே தள்ளினேன், அவள் அதைப் பார்க்கக் கூடாது. அவனுடைய தொப்பியைத் தட்டிவிட்டு மூஞ்சியில் கொதிக்கும் பால் கிளாசை எறிய எனக்குக் கை துடித்தது. எறியவில்லை. நவம்பர் என்ற அந்த ஒரு சொல் என் கையைப் பிடித்துக்கொண்டது. எறியாமல் விட்டதற்கு என்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

தகரக் கூரைக்குள் ஒரு இரும்புக் கட்டில், ஒரு கரிப்பிடித்த அடுப்பு, ஆளுயரத்துக்குமேல் ஒரு சின்ன யன்னல். ஆட்டு மூத்திரத்தில் கண் எரிந்தது. கதவின் கொளுக்கி வெளிப்பக்கம் இருந்தது. முன்பு அதற்குள் என்ன வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட பஸ் வருவது கீழ்ச்சந்திவரைதான், ஐந்து கிலோமீற்றர் நடக்கவேண்டும் என்று மகள் கேட்டுச் சொன்னாள். காரின் திறப்பைக் கங்காணி வாங்கித் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டான். காரும் காணிக்குச் சொந்தமாம்.

இவர் கட்டில் சட்டத்தில் இருந்தார். வேட்டி முழங்காலில் நனைந்து பால் மணத்தது. "நீர் சொன்னதுதான் சரி" என்றார்.

இரண்டு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம்.  "எழும்புங்கோ போவம்" என்றேன். "பெர்மெஸ்ஸோவும் மயிரும். நாளைக்கே போய் அந்த மூண்டு சிஞ்ஞோராமாரின்ரை வாசல்லையும் குந்தியிருக்கிறன். ஆராவது ஒருத்தி பதியாமல் விடுவாளே?"

"பதியாளுகள். உமக்கும் தெரியும்." பிறகு சொன்னார்: "நீரும் பிள்ளையும் இதுக்குள்ளை இருக்கேலாது. நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நான் நிக்கிறன். கடுதாசி புதுப்பிக்குமட்டும் நான் ஒராள் நிண்டால் காணும்."

"குடும்பமாத்தானே ஆள் கேட்டவன்?"

"பிறகு வருவினம் எண்டு சொல்லுறன்."

கத்தினேன், மன்றாடினேன், அவருடைய பையை நானே தூக்கிக்கொண்டு கேற்வரை நடந்தும் பார்த்தேன். அவர் பின்னால் வந்து, பையை என் தோளிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மனுசன் என் வாய்க்குப் பயந்தவர் என்று பலெர்மோ முழுக்கத் தெரியும். அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை. அடுத்த நாள் காலை கீழ்ச்சந்தியில் நானும் மகளும் பஸ் ஏறினோம். நான் மாட்டேன் என்று சொல்லத்தான் அந்தப் பயணமே போனேன், அதன்படி என் கதவுக்கும் என் திறப்புக்கும் திரும்பி வந்து சேர்ந்தேன். வந்த அன்று கதவைப் பூட்டிவிட்டு, ஒன்றும் சமைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்தத் தகரத்துக்குள் படுக்காமல் கரவனுக்குள்தான் படுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ் இல்லை, கிழமை நாட்களில் எனக்கு வேலை, அவருக்கு லீவு இல்லை. சிஞ்ஞோராமார் மூன்று பேரிடமும் போய் நின்றேன். பார்ப்போம் என்றார்கள். இவர் சந்திக் கடையிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் ரெலிபோன் எடுப்பார். "பிள்ளை எப்பிடி?" என்பார். "நல்லா இருக்கிறாள்" என்பேன். அதற்குமேல் கதைத்தால் சண்டைதான் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பரில் கடுதாசி புதுப்பிக்கும் கந்தோருக்கு வரச்சொல்லி நாள் வந்தது. கங்காணி பாதி நாள் லீவு கொடுத்தான். விடிய முதல் பஸ்ஸில் வரலாம், ஆனால் பின்னேரம் கேற் பூட்ட ஆள் அங்கே நிற்கவேண்டும், அதற்கு ஒரு மணிக்கு வெளிக்கிடும் பஸ்ஸைப் பிடித்தால்தான் சரி. மூன்று மாதமாக இவர் மகளைப் பார்க்கவில்லை. "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை மறிக்காதையும். பன்னிரண்டரைக்குத்தானே விடுறது, அதுக்கிடையிலை முடிச்சுக்கொண்டு ரெண்டுபேருமாப் போய்க் கேற்றிலை நிப்பம்" என்றார் ரெலிபோனில். மகள் அன்றைக்குத் தானே தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னச் சொல்லிக் கேட்டாள்.

இவர் மெலிந்து கறுத்து வந்திருந்தார். சட்டை தோய்த்ததுதான், ஆனாலும் ஆட்டு மணம் போகவில்லை. வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த பெண் கடுதாசிகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். புருசனுக்கு ஒரு விலாசம், பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் வேறு விலாசம். "பிரிந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அவள் தன் வேலைக்குக் கேட்டாள், அவள்மேல் பிழை இல்லை. ஆனால் மூன்று மாதமாக உள்ளே கிடந்த கொதி முழுக்க எனக்கு அந்த இடத்தில் எழும்பிவிட்டது. "இல்லை, அவர் அங்கே வேலை செய்கிறார், எங்களுக்காக வேலை செய்கிறார்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கத்தாதையும். அவ முத்திரையைக் குத்தட்டும்" என்றார் இவர் மெதுவாக.

இரண்டு விலாசம் என்றதால் அவள் பெரியவரிடம் கேட்டு வர உள்ளே போனாள். நாங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பன்னிரண்டேகால். பன்னிரண்டரை. அவள் வந்து மூன்று பேருடையதற்கும் முத்திரை குத்தித் தரும்போது ஒன்றுக்குப் பதினைந்து நிமிசம் இருந்தது.

படியால் ஓடி இறங்கினோம். கீழே றோட்டில் இவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ் நிலையம் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மற்றப் பக்கம். பையிலிருந்து ஒரு கடுதாசிச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார், உரித்த வாதுமைப் பருப்பு. "பிள்ளைட்டைக் குடும்" என்றுவிட்டுத் திரும்பி ஓடினார். நான் மற்றப் பக்கம் ஓடினேன்.

பள்ளிக்கூடக் கேற்றில் மகள் மட்டும் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, கையிலிருந்த என் பெர்மெஸ்ஸோவை விரித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் நான் எதற்காகத் தங்கியிருக்கிறேன் என்று காரணம் எழுதும் இடத்தில் "குடும்பத்தோடு வாழ" என்று அடித்திருந்தது. அடுத்த இரண்டு வருசத்துக்கு அது செல்லும்.